தேய்ந்து வந்த புது ஸ்டியரிங்

அவரை எல்லோரும் அரைநூல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் அங்குலத்தை எட்டாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்குப் பட்டறைப் பாஷையில் நூல் என்று பெயர். அதிலும் பாதியைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுகிற ஆள் இவர். ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிச் சொல்லியே எதிரில் இருப்பவரின் உயிரை வாங்கிவிடுவார். வங்கியில் கையெழுத்துப் போடப் போன இடத்தில், மேலாளரின் மேசை ஒரு பக்கம் அரை நூல் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, காகிதத்தை மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு வந்தவர். தன் கல்யாணப் புகைப்படத்தை வீட்டில் மாட்டிய அன்று மற்றவர்கள் பொண்ணு மாப்பிள்ளை ஜோடிப் பொருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சட்டம் அரை நூல் கோணல் என்றார். அவர் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

பழைய கார்களைப் பிரித்துப் போட்டு மறுபடியும் ஓட வைப்பது அவருடைய தொழில். இரண்டு வண்டிகள் நிற்கிற அளவுக்குத் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவர் நெடுக ஆணி அடித்து ஸ்பானர் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பார். ஒரு சாவி இடம் மாறியிருந்தால் உள்ளே நுழையும்போதே முகம் சுண்டிவிடும். இப்படிப்பட்ட மனுஷருக்கு இந்தக் காலத்து நகல் சாமான்களோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு வாய்த்ததை என்னவென்று சொல்வது? கம்பெனி மூடிப் பல காலம் ஆன கார்களுக்கு அசல் சாமான் எங்கே கிடைக்கும்? யாரோ எங்கேயோ பார்த்துச் செய்த நகல்தான் கிடைக்கும். கதவு ரப்பர் வரும், அதைப் போட்டால் கதவு சாத்தாது. பம்பர் பளபளவென்று வரும், முதல் மழைக்கே தோல் உரியும். விளக்கு வளையத்தில் ஓட்டை ஒரு பக்கம் இருக்கும், வண்டியில் ஓட்டை வேறு பக்கம் இருக்கும். அரைநூல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "செஞ்சவன் கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சிருக்கான்" என்பார். பிறகு அரத்தை எடுத்து ராவ ஆரம்பிப்பார்.

அந்தச் சமயம் பட்டறையில் நின்றது ஒரு வக்கீலின் கார். வக்கீல் ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. நாள் தவறாமல் போனில் வண்டியை விசாரிப்பார். எல்லா வேலையும் முடிந்து ஸ்டியரிங் மட்டும் பாக்கி. பழைய ஸ்டியரிங் வெயிலில் வெடித்துப் பொடிந்து கம்பி தெரிந்தது. வக்கீலே ஒரு கடையில் சொல்லிப் புதிதாக ஒன்றை வரவழைத்து அனுப்பினார்.

அட்டைப் பெட்டியைக் கிழித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடித்தது. கன்னங்கரேலென்று, விரல் ரேகைகூடப் படாத சாமான். அரைநூல் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிடித்த வேகத்தில் இடது கையை எடுத்துவிட்டார்.

அந்த மாதிரி ஸ்டியரிங்கில் விரல் பதிந்து நிற்பதற்காக இரண்டு பக்கமும் நான்கு நான்கு பள்ளங்கள் வெட்டியிருக்கும். இதில் இடது பக்கத்தின் முதல் இரண்டு பள்ளங்கள் தேய்ந்து, கிட்டத்தட்டச் சமதளமாகிக் கிடந்தன. கட்டைவிரல் அழுந்துகிற இடத்திலும் ஒரு குழி. அடுத்த இரண்டு பள்ளங்கள் மட்டும் நேற்று வெட்டியவைபோலக் கூர்மையாக இருந்தன. யாரோ வருஷக்கணக்காகப் பிடித்து ஓட்டிய ஸ்டியரிங், ஆனால் பெட்டியிலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறது. அதைப் பிடித்தபோது யாருடைய கைக்குள்ளேயோ தன் கையை விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. வெயில் கொளுத்துகிற பட்டப்பகலில் பின்கழுத்து மயிர் குத்திட்டு நின்றது.

"சார், இது தேஞ்ச சாமான். திருப்பி அனுப்பிடுங்க" என்றார் போனில்.

"பெட்டியே பிரிக்கலையேப்பா! புதுசு எப்படித் தேயும்?"

"எப்படித் தேயும்னு நீங்கதான் கடைக்காரனைக் கேக்கணும். என்னைக் கேட்டா?"

வக்கீல் கடைக்காரரைக் கேட்டார், மிரட்டினார், வேறு ஊர்க் கடையில் இன்னொன்று சொன்னார். அது வந்தது. அதிலும் அதே இரண்டு பள்ளங்கள் தேய்ந்திருந்தன, அதே இரண்டு கூர்மையாக நின்றன. மூன்றாவதாக ஒன்று இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அரைநூல் அதைப் பெட்டிக்குள் இருக்கும்போதே கண்ணால் பார்க்காமல் விரலால் தடவினார். அந்தக் கை அங்கேயும் இருந்தது.

இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நகல் செய்கிறவர்களிடம் பழைய கம்பெனியின் அளவோ வரைபடமோ கிடையாது. எந்த ஊரிலோ எந்தக் காரிலிருந்தோ கழற்றிய ஒரு சாமானைக் கொண்டுவந்து, அதன்மேல் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சிலேயே நூறும் ஆயிரமுமாக வார்த்துத் தள்ளுவார்கள். பழையதில் என்ன தேய்மானமோ அது புதியதிலும் ஒரு மயிரிழை குறையாமல் இறங்கிவிடும். கண்ணுள்ளவன் அச்சு எடுப்பதற்கு முன்னால் அதைச் சரி செய்வான். இவர்கள் எங்கே செய்தார்கள்? இதெல்லாம் தெரிந்திருந்தும் அரைநூல் அந்த மூன்று ஸ்டியரிங்கையும் சுவரில் மாட்டிவிட்டு அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாமல் தவித்தார். வேலை செய்கிற பலகையைச் சுவரைப் பார்த்தபடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

காரணம் இருந்தது. நான்கு விரல் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரலால் மட்டும் பிடித்து ஓட்டிய ஓர் ஆளை அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன். இளவயதில் அச்சாபீஸ் மெஷினில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொடுத்தவர். அவர் வைத்திருந்ததும் இதே மாதிரிக் கார்.

அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வெளியூரில் ஒரு வேலை என்று காலையில் காரை எடுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் அவர் திரும்ப வேண்டும். அவரும் வரவில்லை, காரும் கிடைக்கவில்லை. எத்தனை வண்டிகள் அந்த மண்ணுக்குள் புதைந்தன என்று யாருக்குத் தெரியும் என்று போலீஸ்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

அண்ணி அதை நம்பினாள். பிள்ளை இல்லை, சின்ன வயசு, இன்னொரு இடம் பார்க்கலாம் என்று அவளுடைய அப்பா வந்து நின்றபோது அவள் சொன்ன பதில் அரைநூலுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவர் என்னை விட்டுட்டுப் போகலைப்பா. தண்ணி கொண்டுபோயிடுச்சு. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?" அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலத்தையும் ஓட்டினாள். அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். மழை பெய்கிற நாளில் மட்டும் அவளுக்குத் தூக்கம் வராது. அரைநூலின் வீட்டு மாடியறையில் அவள் நடக்கிற சத்தம் விடியும்வரை கீழே கேட்கும்.

இரண்டு விரல் இல்லாதவர்கள் உலகத்தில் ஒருவர்தானா என்று தன்னையே அதட்டிக்கொண்டார் அரைநூல். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூன்றில் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இடது பக்கத்தின் மூன்றாவது பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அரை நூல்.

அந்தக் கோணல் எந்தக் கம்பெனியின் கோணலும் இல்லை, அவருடைய கோணல். அண்ணன் போவதற்கு முந்தின நாள் அவர்தான் அந்த ஸ்டியரிங்கைப் புதுப்பித்தார். வெடித்த இடங்களில் ரப்பர் கலந்த பசையைப் பூசி, வளையம் முழுக்க அதையே புதுத் தோலாகக் கட்டி, எட்டுப் பள்ளங்களையும் அரத்தால் ராவி எடுத்தார். "போதும்டா, குடு, எனக்கு அவசரம்" என்று அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கியதில் அரம் வழுக்கியது. சரி செய்து தருகிறேன் என்றார் இவர். அண்ணன் கேட்கவில்லை, வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாள் காலையில் போய்விட்டார்.

அப்படியானால் ஸ்டியரிங் ஆற்றுக்குள் போகவில்லை என்பது மட்டும் விஷயம் இல்லை. அதைவிடப் பெரிய கல் ஒன்று அடுத்து வந்து தலையில் விழுந்தது. அண்ணன் இங்கிருந்து கிளம்பியபோது அந்தப் பள்ளங்களில் துளித் தேய்மானம் கிடையாது. இன்றைக்கு அவை தேய்ந்து கிடக்கின்றன, அதுவும் இரண்டு விரல் இல்லாத கையால். அந்தப் பசை இந்த அளவுக்குத் தேய்வதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும் என்று அரைநூலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் பாலத்துக்கு வரவே இல்லை. வேறு பக்கம் திரும்பிப் போய், இருந்து, ஓட்டி, தேய்த்து, நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்.

மூன்று பெட்டிமேலும் பெயர் போட்டிருந்த நகல் கம்பெனிக்குப் போன் போட்டார். பேசியவர் தன்மையாகத்தான் பேசினார்.

"அச்சுக்கு எடுத்தீங்களே, அந்தப் பழைய ஸ்டியரிங் யாரோடது?"

"அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? பழைய சாமான் கும்பலோட வந்துச்சு."

"இப்ப இருக்கா?"

"அச்சு எடுத்தாச்சு, அப்புறம் அது எதுக்கு? தூக்கிப் போட்டாச்சு. உங்களுக்கு எத்தனை வேணும் சொல்லுங்க, புதுசாவே தர்றேன்."

போனை வைத்த பிறகு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அசல் எங்கேயும் இல்லை. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. ஆனால் அவருடைய கை மட்டும் பெட்டி பெட்டியாகக் கடைகளில் அடுக்கியிருக்கிறது. இந்த நிமிஷம் எத்தனை ஊர்களில், எத்தனை ரோடுகளில், யார் யாரெல்லாமோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கார் ஓட்டிப் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அது கை என்று தெரியுமா?

அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா? இந்தக் கேள்வி அவரைப் பிடித்து ஆட்டியது. சொன்னால் அவள் நிற்கிற தரையை உருவியதாகும். சொல்லாவிட்டால், நாள்தோறும் மத்தியானம் அவள் கொண்டுவந்து கொடுக்கிற சாப்பாட்டை எந்த முகத்தோடு வாங்கித் தின்பது? ஆற்றில் போனவர் என்று அவள் அழுத அழுகை எல்லாம் ஓர் ஓடிப்போன ஆளுக்கா? அண்ணன்மேல் அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மூன்று ஸ்டியரிங்கையும் சம்மட்டியால் அடித்து நொறுக்கத் தோன்றியது. கை ஓங்கவில்லை. கடைசியில் கோழைத்தனமான வழியையே தேர்ந்தெடுத்தார். "மூணையும் நாளைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார், என் கண்ணு முன்னால இருக்கக் கூடாது" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு, அவற்றைக் கழற்றிப் பலகையில் அடுக்கி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

மூடினால் மட்டும் போதுமா? மத்தியானம் அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். காப்பகத்தில் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில்தான் அவள் வருவாள். டப்பாவை வைக்கப் பலகையில் இடம் இல்லை. "இதென்ன சாக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் அதை இழுத்தாள். அரைநூல் காருக்கு அடியிலிருந்து எழுந்து வருவதற்குள் மேலே இருந்த ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

அவள் அதைச் சும்மாதான் எடுத்தாள். பிறகு இடது பக்கம் அவள் விரல் பட்டது. அப்படியே நின்றாள்.

"தம்பி."

"அது வக்கீல் வண்டி சாமான் அண்ணி. வைங்க, கை அழுக்காகும்."

"இது அவர் கை."

மறுக்கப் பார்த்தார். அந்தக் கையை ஆயிரம் தடவை பிடித்தவளிடம் என்ன சொல்லி மறுப்பது? நகல், அச்சு, வார்ப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினார். விளக்கி முடித்த இடத்தில் வாய் கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்தார்.

"ஆத்துல போன வண்டியை யாரோ மண்ணுலேருந்து தோண்டி எடுத்து வித்திருக்காங்க அண்ணி. அதுலேருந்து அச்சு எடுத்திருக்கான். இந்தத் தேய்மானம் எல்லாம் அவர் நம்மகூட இருக்கும்போது தேஞ்சது."

அண்ணியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டாள். தேய்ந்த பள்ளங்களில் விரலை விட்டு விட்டு எடுத்தாள். "பாரேன், எப்படி அழுத்திப் பிடிச்சிருக்கார்" என்று சிரித்தாள். அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது. பொய் சொன்னதற்கு ஒரு பலன் உண்டு போலிருக்கிறதே என்று அரைநூல் கொஞ்சம் மூச்சு விட்டார்.

அவள் விரல்கள் வளையத்தைத் தடவிக்கொண்டே கீழே இறங்கின. ஓட்டுகிறவரின் வயிற்றுப் பக்கம் வருகிற இடத்தில் நின்றன.

"இது என்ன?"

அரைநூல் எட்டிப் பார்த்தார். வளையத்தின் மேல்பக்கம் சின்னச் சின்னதாக நான்கு குழிகள். மூன்று ஸ்டியரிங்கையும் அத்தனை தடவை புரட்டியும் அவர் அதைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"குமிழி அண்ணி. பிளாஸ்டிக் ஊத்தும்போது உள்ளே காத்து நின்னுட்டா இப்படித்தான் புள்ளி விழும். மட்டமான வேலை."

அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வளையத்தின் அடிப்பக்கத்திலும் அதே இடத்துக்கு நேர் எதிரே இரண்டு குழிகள் இருந்தன. மேலே உள்ளவை ஒரு சின்ன வளைவாக நின்றன. அவள் சுண்டுவிரல் நுனியை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள். ஒரு குழந்தைக்கு ஈறு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. அரைநூலுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அவர் பூசிய பசை, நகம் பட்டாலே தடம் பதிகிற பசை.

"குமிழிக்கு மேல்வாய் கீழ்வாய் உண்டா தம்பி?"

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கீழே ரெண்டு, மேலே நாலு. ஒரு வயசுகூட ஆகியிருக்காது. பல்லு முளைக்கும்போது எது கிடைச்சாலும் கடிக்கும்." அவள் குரல் காப்பகத்தில் பேசுகிற குரலாகவே இருந்தது. "மடியில உக்கார வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கார்."

"அண்ணி..."

"நீ இதைப் பார்க்கலை, இல்லையா?"

"சத்தியமா பார்க்கலை அண்ணி."

"அதை மட்டும் நம்புறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் காலில் விழுந்திருப்பார். அவள் முந்தானை நுனியால் அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"டாக்டர் ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லைன்னுதான் சொன்னார்" என்றாள். "அவருக்குக் குறை இல்லைங்கிறது சரியாத்தான் இருந்திருக்கு."

பிறகு எழுந்து, பலகையில் இருந்த மற்ற இரண்டையும் எடுத்து, கீழ்ப்பக்கம் தடவிப் பார்த்தாள். இரண்டிலும் அது இருந்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பக்கம்கூடத் துருத்தாமல் அடுக்கிவைத்தாள். சாக்கை எடுத்து மேலே போர்த்தி, ஓரங்களை உள்ளே மடித்துச் செருகினாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை அப்படித்தான் செருகுவாள்.

"பிள்ளைங்க எழுந்திருக்கிற நேரம். நான் போகணும்" என்று சொல்லிவிட்டு வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வக்கீல் வந்தா குமிழின்னே சொல்லு தம்பி. வீட்டுலயும் அப்படியே சொல்லு. யார் கேட்டாலும் குமிழிதான்."